சித்தி சிங்கப்பூர் போறாங்க, போன்ல எந்த சிம்?

வர்ற வியாழக்கிழமை ராத்திரி ஃப்ளைட். சித்தி தனியா போறாங்க, முதல் வெளிநாட்டுப் பயணம், பொண்ணு வீட்டுக்கு, பேத்தி பொறந்து அறுபது நாள் ஆச்சு. 26 நாள் தங்கல். பருப்புப் பொடி, கருவேப்பிலைப் பொடி, குழந்தைக்கு வசம்பு வளையல் எல்லாம் எடுத்து வெச்சாச்சு, பெட்டி எடை பாத்தாச்சு, சிங்கப்பூருக்குள்ள போக ஆன்லைன்ல நிரப்பற எஸ்ஜி அரைவல் கார்டு கடைசி மூணு நாள்லதான் போட முடியும்ங்கறதால அதுக்கு என் போன்ல அலாரம் வெச்சிருக்கேன். நேத்து நங்கநல்லூர் வீட்டுக்குப் போனப்ப சித்தப்பா கேட்டது ஒரே கேள்விதான். "டேய், அங்க இறங்கின உடனே இவ போன் வேலை செய்யுமா செய்யாதா?"

கேள்வி சின்னதுதான். ஆனா 62 வயசுல, தனியா, விடியக்காலைல சாங்கி ஏர்போர்ட்ல பெட்டி வர்ற பெல்ட் பக்கத்துல நிக்கறவங்களுக்கு, "அம்மா நான் வெளிய வந்து நிக்கறேன்"னு பொண்ணு அனுப்பின மெசேஜ் கண்ணுல பட்டாதான் படபடப்பு அடங்கும். அதனால எத்தனை ஜிபி, என்ன விலைன்னு மட்டும் பாத்து இதை முடிவு பண்ண எனக்கு மனசு வரமாட்டேங்குது.

ஃபேமிலி குரூப்ல கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. மாமா, "நம்ம சிம்முக்கே வெளிநாட்டுக்குன்னு போடற ரோமிங் பேக் எல்லாம் தண்டம், அங்க ஏர்போர்ட்லயே சிம் வாங்கிக்கலாம்". தம்பி, "இ-சிம் போட்டு விடு, அதுதான் சீப்பு", அதாவது அட்டை இல்லாம போனுக்குள்ளயே இறக்கிக்கற சிம். பெரியப்பா பையன், "வீட்ல வைஃபை இருக்குல்ல, எதுவுமே வேணாம்". மூணு பேரும் சொன்னது தப்பில்ல, அவங்கவங்களுக்கு அது சரியா வந்திருக்கு. ஆனா யாருமே போன் யார் கையில இருக்கு, அவங்களோட இந்திய நம்பர் அந்த 26 நாளும் என்ன ஆகும்னு கேக்கல. நான் அதை முதல்ல பாக்கறதுக்குக் காரணம் 2023ல நடந்த ஒரு விஷயம்.

அம்மாவும் நானும் சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல இருக்கற அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். அம்மா போன்ல ரெண்டு சிம் போடலாம்னு பேரு, ஆனா ரெண்டாவது இடத்துல சிம் போடு இல்லன்னா மெமரி கார்டு போடுங்கற மாதிரி ட்ரே, அதுல அம்மாவோட மெமரி கார்டு இருந்துச்சு, சாமிப் பாட்டு, கல்யாண போட்டோ எல்லாம் அதுல. சரின்னு இறங்கின இடத்துலயே லோக்கல் சிம் ஒண்ணு வாங்கி, கவுன்டர்ல இருந்த பையன் அம்மாவோட இந்திய சிம்மை எடுத்து ஒரு அட்டையில டேப் போட்டு ஒட்டிக் குடுத்தான், நான் பர்ஸ்ல வெச்சுக்கிட்டேன். சிம் மாத்தினாலும் வாட்ஸ்அப் பழைய நம்பர்லயே ஓடிச்சு, அப்பாகிட்ட வீடியோ கால் போச்சு, எல்லாம் நல்லா இருக்குன்னு நாங்க பாட்டுக்கு இருந்துட்டோம்.

நாலாவது நாள் மத்தியானம் சென்னைல இருந்து அப்பா வாட்ஸ்அப்ல கூப்பிடறாரு. "கேஸ் சிலிண்டர் வந்திருக்கு, கொண்டு வந்த தம்பி வாசல்ல நிக்கறாரு, நம்பர் கேக்கறாரு, உன் போனுக்கு வந்திருக்கும் பாரு." 2020க்கு அப்புறம் சிலிண்டர் வாங்க கோட் சொல்லணும்ல, அந்த கோட் கனெக்‌ஷன்ல பதிஞ்ச மொபைலுக்குத்தான் வரும், எங்க வீட்டு கனெக்‌ஷன் அம்மா பேர்ல, அம்மா நம்பர் என் பர்ஸ்ல டேப்புக்கு அடியில.

சிம் ட்ரேயைத் திறக்கற பின் கைல இல்ல. அம்மா சட்டுனு காதுல இருந்த தோட்டைக் கழட்டி, திருகாணியை எடுத்துட்டு, அந்தக் கம்பியை ஓட்டைல விட்டு அழுத்தினாங்க, ரெண்டாவது அழுத்துல ட்ரே வந்துச்சு. டேப் பசை ஒட்டியிருந்த சிம்மை வேட்டில தொடச்சுப் போட்டு ஆன் பண்ணினோம். நோ சர்வீஸ். அஞ்சு நிமிஷம் பாத்தோம், ரீஸ்டார்ட் பண்ணினோம், அப்பவும் நோ சர்வீஸ். கிளம்பறதுக்கு முன்னாடி அந்த நம்பருக்கு இன்டர்நேஷனல் ரோமிங்கை ஆன் பண்ணவே இல்லங்கறது அப்பதான் புரிஞ்சுது. சரி இப்ப ஆன் பண்ணலாம்னு ஆப்புக்குள்ள போனா லாகின் பண்ண ஓடிபி அனுப்பறேங்குது, அந்த ஓடிபியும் அதே சிம்முக்குத்தான். டெலிவரிக்கு வந்த தம்பி பத்து நிமிஷம் பொறுத்துப் பாத்தாரு, அவரைச் சொல்லிக் குத்தமில்ல, வண்டி நெறைய அடுத்த வீட்டு சிலிண்டரா இருக்கு. ரெண்டு நாள் அப்பா இண்டக்‌ஷன் அடுப்புல கஞ்சியும் முட்டையுமா ஓட்டினாரு. அம்மாவுக்கு அந்த ரெண்டு நாளும் சாப்பாடே இறங்கல.

கேஸுக்கு மட்டும் இல்ல இது. பேங்க், யுபிஐ, இன்சூரன்ஸ், ரயில் டிக்கெட், எல்லாம் அந்தப் பத்து இலக்க நம்பர்லதான் தொங்குது. வெளிநாட்டுல இருக்கும்போதுதான் கார்டை ப்ளாக் பண்ணணும், ஃப்ளைட் மாத்தணும்னு வரும், அதாவது ஓடிபி அதிகமா தேவைப்படறதே அப்பதான். அதனால என் வீட்ல இப்ப ஒரு விஷயத்துல மட்டும் பேச்சுக்கே இடமில்ல, இந்திய சிம் போனை விட்டு வெளிய வராது. டேட்டாவுக்கு எதை வேணா சேத்துக்கலாம்.

அதுக்கு சென்னைல இருக்கும்போதே பண்ண வேண்டியது கொஞ்சம் இருக்கு. இன்டர்நேஷனல் ரோமிங் ஆன்ல இருக்கான்னு ஆப்ல பாக்கணும், இல்லன்னா கஸ்டமர் கேர்ல கேக்கணும். அப்புறம் பேஸ் ரீசார்ஜோட வேலிடிட்டி. இதை நெறைய பேர் மறந்துடறாங்க, 28 நாள் ப்ளான் போட்டு அதுல ஏற்கனவே பத்து நாள் ஓடியிருக்கும், வெளிநாட்டுல இருக்கும்போது நடுவுல முடிஞ்சு போகும், அதுக்கப்புறம் எஸ்எம்எஸ்ஸும் நின்னு போகும், திரும்பி வர்ற தேதிக்கு அப்புறமும் ஒரு வாரம் இருக்கற மாதிரி முன்னாடியே போட்டுடணும். டேட்டா ரோமிங் வேற, இன்டர்நேஷனல் ரோமிங் வேற, இதுலதான் பாதி பேருக்குக் குழப்பம். முதல்ல சொன்னது போன் செட்டிங்ல இருக்கற பட்டன், ரெண்டாவது கம்பெனி திறந்து விடறது. ரெண்டாவதை ஆன்ல வெச்சு முதல்ல சொன்னதை ஆஃப் பண்ணிட்டா சிம் உயிரோட இருக்கும், மெசேஜ் வரும், டேட்டாவுக்குக் காசு போகாது. எங்க வீட்டு நம்பர்கள்ல வெளிநாட்டுல எஸ்எம்எஸ் வாங்கறதுக்கு இதுவரைக்கும் காசு எடுத்ததில்ல. ஆனா கால் வந்து எடுத்தா நிமிஷத்துக்கு எடுப்பாங்க, அது லோன் வேணுமான்னு கேக்கற காலா இருந்தாலும் சரி. தெரியாத நம்பரை எடுக்கவே வேணாம்.

சரி, இப்ப டேட்டாவுக்கு வருவோம்.

இந்திய கம்பெனியோட ரோமிங் பேக் ஜிபி கணக்குல பாத்தா மத்ததை விட விலை ஜாஸ்திதான், மறுக்கல. ஆனா போன்ல எதையும் தொட வேணாம், அதே சிம், அதே நம்பர், இறங்கினதும் தானா ஏதோ ஒரு லோக்கல் நெட்வொர்க்கைப் பிடிச்சுக்கும். இன்னொண்ணும் இருக்கு. ரோமிங்ல டேட்டா பொதுவா நம்ம ஊர் கம்பெனியோட நெட்வொர்க் வரைக்கும் திரும்பி வந்து, அப்புறம்தான் இன்டர்நெட்டுக்குப் போகும். சிங்கப்பூர்ல உக்காந்து பேங்க் ஆப்பைத் திறந்தாலும் அதுக்கு நீங்க இந்தியால இருக்கற மாதிரிதான் தெரியும். சென்னைல இருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கு அடியில கேபிள் போகுதே, ஐ2ஐன்னு 2002லேயே போட்டது, அந்த மாதிரி கேபிள் வழியா நம்ம வாட்ஸ்அப் மெசேஜ் ஊருக்கு வந்துட்டுத் திரும்பப் போகுதுன்னு நெனச்சா எனக்கு இன்னமும் ஆச்சரியமாத்தான் இருக்கு. சீனாவுக்கு ஆஃபீஸ் வேலையா போறவங்க ரோமிங்கை விடாததுக்கும் இதான் காரணம், அங்க லோக்கல் சிம் போட்டா வாட்ஸ்அப், கூகுள் ரெண்டும் கிடையாது. துபாய்ல கூட லோக்கல் நெட்வொர்க்ல வாட்ஸ்அப் மெசேஜ் போகும், கால் போகாது, அங்க இருக்கற நம்ம ஆளுங்க வீட்டுக்குப் பேச பாட்டிம் மாதிரி ஆப்தான் வெச்சிருப்பாங்க.

எனக்குன்னு போனா நான் இ-சிம்தான் போட்டுக்கறேன். போன்ல *#06# அடிச்சா போனோட அடையாள நம்பரான ஐஎம்இஐ கூட இஐடின்னு 32 இலக்க நம்பர் ஒண்ணு வந்துச்சுன்னா அந்த போன் இ-சிம் எடுக்கும்னு அர்த்தம். இந்திய சிம் அதோட இடத்துலயே இருக்கும், இ-சிம் டேட்டாவுக்கு மட்டும். வாங்கினதும் வர்ற க்யூஆரை ஸ்கேன் பண்ணி இறக்கறதுக்கு நெட் வேணும், அதனால வீட்டு வைஃபைல இருக்கும்போதே இறக்கி வெச்சுடணும், அங்க போய் பாத்துக்கலாம்னு விட்டா நெட்டுக்காக வாங்கினதைப் போட நெட் தேடி அலைய வேண்டியதுதான். வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வரியைப் படிச்சுடுங்க, நாள் கணக்கு இறக்கின அன்னிக்கே ஆரம்பிக்குதா, இல்ல அங்க நெட்வொர்க் பிடிச்ச அன்னிக்கா. ரெண்டு விதமும் விக்குது. அப்புறம் பெரும்பாலான க்யூஆர் ஒரு தடவைதான் எடுக்கும், சரியா வரலைன்னு டெலிட் பண்ணிட்டீங்கன்னா போச்சு.

இறங்கினதும் நெட் வரலன்னு எனக்கு போன் பண்றவங்க பத்துல எட்டு பேருக்கு ஒரே விஷயம்தான். அந்த இ-சிம்முக்கு டேட்டா ரோமிங் ஆஃப்ல இருக்கும். ரோமிங்னாலே காசுன்னு பயந்து எல்லாத்தையும் ஆஃப் பண்ணியிருப்பாங்க. ட்ராவல் இ-சிம் பெரும்பாலும் வேற ஏதோ நாட்டுக் கம்பெனியோடது, அதுக்கு அந்த ஊரே ரோமிங்தான், அதனால இ-சிம்முக்கு ரோமிங் ஆன், இந்திய சிம்முக்கு ரோமிங் ஆஃப். ஐபோன்ல செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்னு ஒண்ணு இருக்கும், அதையும் ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா இ-சிம்ல சிக்னல் குறைஞ்சா அது பாட்டுக்கு இந்திய சிம்முக்குத் தாவப் பாக்கும். ஐமெசேஜ் புதுசா ஆன் பண்ணும்போது பின்னாடி சத்தமில்லாம ஒரு எஸ்எம்எஸ் போகும், அதுக்கும் காசு.

இ-சிம்ல எனக்கு இருக்கற குறை, நெறைய ப்ளான்ல நம்பர் கிடையாது, வெறும் டேட்டா. டாக்ஸி டிரைவர் நம்மளைக் கூப்பிட முடியாது. ஹோட்டல்ல செக்-இன்னுக்கு லோக்கல் நம்பர் கேட்டா முழிக்கணும். அன்லிமிடெட்னு போட்டிருக்கறது எதையும் நம்பாதீங்க, ஒரு நாளைக்கு இவ்ளோன்னு உள்ள ஒரு அளவு இருக்கும், அதைத் தாண்டினா மேப் கூட திறக்காத வேகத்துக்குக் குறைச்சுடுவாங்க. இங்க எங்க வாங்கறோம்ங்கறதும் முக்கியம். இந்தியாவுல வெளிநாட்டு சிம் விக்கறதுக்குத் தொலைத்தொடர்புத் துறையோட என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லைங்கற அனுமதி வேணும், அது இல்லன்னு 2024 ஜனவரில இ-சிம் விக்கற ஏரலோ, ஹோலாஃப்ளை ரெண்டு ஆப்பையும் இங்க ஆப் ஸ்டோர்ல இருந்து எடுக்க வெச்சாங்க. அனுமதி இருக்கற இடமா பாத்து வாங்கிட்டா பணம் கட்டிட்டு யாரைக் கேக்கறதுன்னு நிக்க வேண்டியதில்ல.

லோக்கல் சிம் நாள் கூடக் கூட லாபம். சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 மூணுமே ப்ரீபெய்ட் தர்றாங்க, பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிஞ்சுதான் குடுப்பாங்க. ரெண்டு நாளைக்கு இதுக்காக வரிசைல நிக்கறது வீண், ஒரு வாரத்துக்கு மேலன்னா யோசிக்காம வாங்கலாம். போன்ல ரெண்டாவது இடம் காலியா இருக்கணும், அவ்ளோதான். பழைய போனை எடுத்துட்டுப் போறவங்க கவனிங்க, சிங்கப்பூர்ல 2024ல 3ஜியை நிறுத்திட்டாங்க, 4ஜில பேசற வசதி இல்லாத போன் அங்க போனாவே இருக்காது.

எல்லை ஓரத்துல இருக்கறவங்களுக்கு இன்னொரு தொல்லை. தனுஷ்கோடி போனவங்களுக்குத் தெரியும், மணல்ல நடந்துக்கிட்டு இருக்கும்போதே போன் இலங்கை சிக்னலைப் பிடிச்சுக்கும். அக்கா வீடு இருக்கற உட்லண்ட்ஸும் அப்படித்தான், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜொகூர் பாரு. பால்கனில நின்னா என் போன் மலேசியா நெட்வொர்க்குக்குப் போயிடும், என் இ-சிம் சிங்கப்பூருக்கு மட்டும், நெட் கட். செட்டிங்ல நெட்வொர்க்கை ஆட்டோமேட்டிக்ல இருந்து எடுத்து நாமளே சிங்கப்பூர் கம்பெனியைத் தேர்ந்தெடுத்து விட்டதும் சரியாச்சு. இ-சிம்மாவது கட் ஆச்சு, ரோமிங் பேக்கா இருந்து அந்த பேக்ல பக்கத்து நாடு இல்லன்னா பேலன்ஸ் கரைஞ்சிருக்கும். ஃப்ளைட்லயும் கப்பல்லயும் கூட இதே கதைதான், அங்க சாட்டிலைட் வழியா தனி நெட்வொர்க் இருக்கும், சாதாரண பேக் அதுல செல்லாது. ஆஃபீஸ்ல ஒருத்தர் ஃப்ளைட் மோட் போடாமத் தூங்கிட்டாரு, எழுந்து பாத்தப்ப வந்திருந்த பில்லுக்கு அடுத்த மாசம் முழுக்க கஸ்டமர் கேர்ல பேசிக்கிட்டு இருந்தாரு.

எவ்ளோ டேட்டா வேணும்னு கேட்டா, நாம நெனக்கறதை விடக் கம்மிதான். மேப்பும் மெசேஜும் வாய்ஸ் காலும் ஒண்ணுமே சாப்பிடாது. சாப்பிடறது வீடியோ. ஹெச்டில ஒரு மணி நேரம் படம் பாத்தா 3 ஜிபி வரைக்கும் போயிடும். அப்புறம் நமக்குத் தெரியாம ஓடறது, போட்டோ பேக்கப், ஆப் அப்டேட், வாட்ஸ்அப் குரூப்ல வர்ற வீடியோ. வாட்ஸ்அப்ல ரோமிங்ல இருக்கும்போது எதையும் தானா இறக்காதன்னு தனியாவே ஒரு செட்டிங் இருக்கு, ஆண்ட்ராய்ட்ல ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாக்குள்ள போனா கிடைக்கும். கூகுள் மேப்ல போற ஊரை இங்கயே ஆஃப்லைனுக்கு இறக்கிக்கலாம். இது ரெண்டையும் பண்ணிட்டு போன தடவை நான் 11 நாள்ல செலவு பண்ணது 4 ஜிபி சொச்சம்.

சித்தி விஷயத்துக்கு வர்றேன். போனை வாங்கிப் பாத்தேன், ரெண்டாவது இடம் காலி, மெமரி கார்டுக்குத் தனி இடம், நிம்மதி. இ-சிம் இந்த போன்ல வராது, வந்தாலும் போட்டிருக்க மாட்டேன், ரெண்டு லைன்ல எது ஆன் எது ஆஃப்னு சித்தி தலையில ஏத்தறதுல அர்த்தமில்ல. சின்ன ரோமிங் பேக் ஒண்ணு போட்டாச்சு, ஏர்போர்ட்ல இருந்து வீடு போய்ச் சேர்ற வரைக்கும், கூட ரெண்டு மூணு நாளைக்கும் தாங்கும். அதுக்குள்ள தங்கச்சி, அதான் சித்தி பொண்ணு, ரெண்டாவது இடத்துல லோக்கல் சிம் போட்டு விட்டு, இந்திய சிம்மோட டேட்டா ரோமிங்கை ஆஃப் பண்ணிடுவா, அவகிட்ட பேசிட்டேன், பேக் முடியற தேதி அவ போன்லயும் ரிமைண்டரா இருக்கு. பேஸ் ரீசார்ஜ் 84 நாளுக்குப் போட்டேன். சித்தப்பா வீட்டு கேஸ் கனெக்‌ஷன்ல எந்த நம்பர் பதிஞ்சிருக்குன்னு கேட்டேன், சித்தி நம்பர்தான். ஓடிபி வந்தா சித்தப்பாவுக்கு எப்படி ஃபார்வர்ட் பண்றதுன்னு அங்கயே ரெண்டு தடவை பழகிக்கிட்டாங்க.

ஒரு பேப்பர்ல பெரிய எழுத்துல தங்கச்சி நம்பரை நாட்டுக் கோடோட எழுதி பாஸ்போர்ட் கவருக்குள்ள வெச்சேன், போன் மக்கர் பண்ணினா பக்கத்துல நிக்கற யார்கிட்டயாவது காட்டி ஒரு கால் போட்டுக் குடுக்கச் சொல்லலாம், சாங்கில நம்ம பாஷை பேசறவங்களுக்குப் பஞ்சமில்ல.

எல்லாம் முடிச்சுட்டு போனை கைல குடுத்தா, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, "சரிடா, அங்க போய் நான் எதை அமுக்கணும்?"னு கேட்டாங்க.

"ஒண்ணும் அமுக்க வேணாம் சித்தி. ஃப்ளைட் நின்னு எல்லாரும் எழுந்திரிச்சதும் இந்த ஏரோப்ளேன் படத்தை மட்டும் ஒரு தடவை தொடுங்க."

டைனிங் டேபிள்ல உக்காந்து அஞ்சு தடவை தொட்டு ஆஃப் பண்ணி, தொட்டு ஆன் பண்ணிப் பாத்தாங்க. ஆறாவது தடவை நான் பக்கத்துல இல்ல, சமையல்கட்டுல தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தேன், என் போன்ல வாட்ஸ்அப் சத்தம் கேட்டுது. சித்திதான். "இறங்கிட்டேன்"னு அனுப்பியிருந்தாங்க.